கெட்ட தரை

டோர்டிஸ் முதலில் கேட்பாள்.
கப்பலின் அடிவயிற்றிலிருந்து ஒலி இறங்கும்,
முந்நூறு மீட்டர் போய்த் தொட்டுத் திரும்பும்.
சேறு முணுமுணுக்கும்.
பாறை பட்டென்று பதில் சொல்லும்.
பிறகுதான் கேமரா.
அதையும் நம்பாமல் இரும்புக் கவ்வியை இறக்கி
ஒரு வாய் வண்டல் அள்ளி
சல்லடையில் கழுவுவாள்.
ஜனவரி மாதம், வெஸ்டரோலன் கடல்,
காலை பத்துக்கும் விடியாத இருட்டு,
கையுறைக்குள் விரல்கள் யாருடையவோ.
கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும்
போதாது என்றிருந்தவள்.

இருபத்தொன்பது ஆண்டு இப்படி.
படத்துக்கு நிறம் தேர்ந்ததும் அவள்தான்:
சேற்றுக்குப் பழுப்பு, பரலுக்குச் சாம்பல்,
கடற்பஞ்சு மேட்டுக்கு மஞ்சள்.
பவளப் பாருக்குச் சிவப்பு,
அமைச்சக மேசையில் கண்ணைக் குத்தட்டும் என்று.
கீழே நிறமே கிடையாது.
விளக்கை அணைத்தால்
எல்லாம் ஒரே கருப்பு.

ஆன்டெனெஸ் மீனவர் கூட்டத்தில்
ஐலிஃப் ஹோவ்டன் எழுந்தபோது
கத்தப் போகிறார் என்றே காத்திருந்தார்கள்.
அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்தார்.
டீசல் கறை. பென்சில் எழுத்து.
எழுபத்து நாலு மார்ச்: வலை கிழிந்தது. கெட்ட தரை.
எழுபத்தாறு: அரை மைல் வடக்கே. கெட்ட தரை.
எழுபத்தொன்பது: மடியோடு போச்சு. கெட்ட, கெட்ட தரை.

அன்றிரவு விடுதி அறையில்
அந்தக் கெட்ட தரைகளை ஒவ்வொன்றாய்
தன் படத்தின்மேல் புள்ளியாக வைத்தாள்.
சிவப்பின் மேலேயே விழுந்துகொண்டிருந்தன.
மூன்று கப்பல், பதினாறு பயணம்,
கடலுக்குக் கொடுத்த ஒரு ஜோடிக் கண்ணாடி...
அவள் சிரித்துவிட்டாள், தனியாக.

நான்கு புள்ளிகள் மட்டும் பழுப்பில் நின்றன.
கிழவர் தப்பாகக் குறித்திருக்கலாம்.
அல்லது அலை. அல்லது சாராயம்.

ஏப்ரலில் அங்கே கேமரா இறங்கியது.
சேறுதான். படம் சரி.
சேற்றில் ஏர் ஓட்டியதுபோல் நேர்கோடுகள்,
இழுவை வலையின் கதவுகள் உழுதவை.
சாலின் ஓரத்தில் விரல் நீளத் துண்டுகள்
கிளை கிளையாக,
சாம்பல் படிந்து.
ஒரு சிவப்பு மீன் அவற்றினூடே போய்
ஒளிய இடமில்லாமல் திரும்பி வந்தது.
பதிவேட்டில் எழுதினாள்:
பவளம், உடைந்தது, உயிரில்லை.
மணி, ஆழம், கையொப்பம்.

ஐலிஃபின் சமையலறையில் மடிக்கணினியைத் திறந்தாள்.
அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
திரைக்கு மிக அருகில் குனிந்தார்.
முதல் துண்டு. இரண்டாவது. இன்னொரு சால்.
மீன் வந்தது, போனது.

“எண்பதுக்கு அப்புறம்
இங்கே வலை கிழியவே இல்லை,” என்றார்.
“தரை
நல்லதாகிவிட்டது என்று நினைத்தோம்.”