பதினெட்டு ரூபாய் தூரம்

பத்தொன்பது வருஷமாய் இந்த ரோட்டை
நின்றபடியே கடந்திருக்கிறேன்,
கம்பியில் முதுகு சாய்த்து,
விரலிடுக்கில் நோட்டுகளை மடித்து.
கோவிலூர் ஆறு, குன்றக்குடி பத்து,
பிள்ளையார்பட்டி விலக்கு பன்னிரண்டு,
திருப்பத்தூர் பதினெட்டு.
சில்லறையாக் குடுங்க.
இதற்குமேல் இந்தத் தூரத்தைப் பற்றி
எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

கோவிலூரைத் தாண்டியதும் ரோடு ஏறுகிறது.
கண்ணுக்குத் தெரியாத ஏற்றம்,
கெண்டைக்காலுக்கு மட்டும் தெரிவது.
அந்த இடத்தில் வண்டி ஏன் முனகும் என்று
இன்றைக்குத்தான் புரிந்தது.
பஸ்ஸில் போனால் ஓடிவந்து எதிர்கொள்ளும்
குன்றக்குடி மலை
இரண்டு மணி நேரமாய்
உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

நேர்த்திக்கடன் பஞ்சவர்ணத்தோடது.
மதுரை ஆஸ்பத்திரியில் நாலு நாள்
நான் நினைவு தப்பிக் கிடந்தபோது
என்னைக் கேட்காமலே
என் காலிரண்டையும்
பழனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.
செருப்பில்லாமல் என்று
ஒரு வரி கூடச் சேர்த்து.

பதினோரு மணித் தாரில்
அடிக்கு ஒரு தடவை அவளைத் திட்டினேன்.
முன்னால் போன காவடிக்காரர்கள்
அரோகரா என்றார்கள்.
என் வாயில் அந்நேரம் இருந்தது
வேறு சொல்.

புளியமரத்தடியில் உட்கார்ந்து
பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பொரித்த அப்பளம் போல் ஒரு கொப்புளம்,
அதன் விளிம்பில் இன்னொன்று.
கோட்டையூரில் ஜாக்கெட் தைக்கிற முத்துராக்கு
யார் எவர் என்று கேட்காமல்
காலை இழுத்துத் தன் பையின்மேல் வைத்தாள்.
"உடைக்கப்படாது. நூலைக் கோத்து விட்டுட்டா
தண்ணி தானா வடிஞ்சிரும்."
தீக்குச்சியில் ஊசியைக் காட்டினாள்.
நீல நூல்.
மஞ்சள் இல்லையா என்றேன், வலியை மறைக்க.
பள்ளிக்கூட யூனிபாரம் நூல்தான் இருக்கு என்றாள்.
ஏழாவது வருஷமாய் நடக்கிறாளாம்.
எதற்கென்று அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

விலக்கு தாண்டி
யாரோ புண்ணியவான் விட்ட டேங்கர்
தாரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனது.
அந்த ஈரத்தின் பின்னால்
தாய்ப்பசுவின் பின்னால் கன்று போல ஓடினோம்.
ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்கு.
நூறடியில் அது எங்களை விட்டுவிட்டது.

அப்போதுதான் என் வண்டி வந்தது.
என் வண்டி, என் டிரிப்,
படியில் சேவுகன் தொங்கிக்கொண்டு:
"அண்ணே, ஏறுண்ணே. நாலே ஸ்டாப்பு.
முருகன் கணக்கா எண்ணிக்கிட்டு இருக்காரு?"
முன் சீட்டில் ஒரு பொம்பளை
நகர்ந்து இடம்கூட விட்டாள்.

கை முதலில் போனது. பழக்கம்.
கம்பியில் என் முதுகு தேய்த்த வழவழப்பு
அப்படியே இருந்தது.
வலது கால் படியில்.
இடது காலில் நீல நூல் தொங்க,
தரையில்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.
டிரைவர் ஒருதரம் உறுமவிட்டார்.
தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி
"ரைட்" என்றேன்.
பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக
அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு
நான் கீழே நின்றேன்.
புழுதியும் டீசலும்
முகத்தில் அடித்துவிட்டுப் போயின.
அடுத்த வளைவு வரை
சேவுகனையும் திட்டினேன்.

திருப்பத்தூர் வந்தபோது இருட்டிவிட்டது.
பந்தலில் சாம்பார் சாதம்,
நின்றபடி தின்றேன், உட்கார்ந்தால்
எழமாட்டேன் என்ற பயத்தில்.
பஞ்சவர்ணம் போன் போட்டாள்.
"கால் எப்படியிருக்கு?"
"இருக்கு."
அவள் பக்கம் குக்கர் விசில் கேட்டது.
இரண்டாவது விசில்வரை
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

நாளைக்குச் சிங்கம்புணரி.
எத்தனை ரூபாய் என்று தெரியாது.
அந்த ரூட்டில் நான் ஓடியதில்லை.