இடது கை

சாமணத்தின் நுனியில் இருந்தது.
அப்புறம் இல்லை.
வெட்டும்போது தெறிக்கிற நகத்துண்டுக்குக்கூட
ஒரு சத்தம் உண்டு.
இதற்கு அதுவும் இல்லை.

மணிக்கட்டோடு சேர்த்து ஐந்து மில்லிமீட்டர்.
முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிய மனிதனின்
இடது கை, பாகம் எண் டி-17,
சாம்பல் பிரைமர் அடித்துக் காயவைத்தது.

முழங்காலிட்டுத் தேடினேன்.
டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்தால்
தூசிக்கும் நிழல் விழும்.
கோவோலாவின் ஜனவரியில்
நாலு மணிக்குள் இருட்டிவிடுவதால்
டார்ச்சுக்குப் போட்டியில்லை.
செத்து இரண்டு வருடமான நாயின் மயிர் கிடைத்தது.
ஓஸ்மோவின் சட்டைப் பித்தான்.
போன வருடம் தொலைத்த சக்கரச் சங்கிலியின் ஒரு கண்ணி,
அதற்கு அப்போதே வேறு செய்து ஒட்டியாகிவிட்டது.
கை இல்லை.

உதிரி டப்பாவில் கைகளுக்கா பஞ்சம்?
மறுநாள் கவிழ்த்துக் கொட்டினேன்.
பதினொரு கைகள். பதினொன்றும் வலது.
எதை எதையோ சுட்டிக்காட்டிய கைகள்,
துப்பாக்கியை உருவிய பின்னும்
விரல் வளைந்தபடியே இருக்கும் கைகள்.
சரக்கு யார்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவளுக்கு
அதிகாலை ஐந்தரைக்கு
அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.
சிரித்து முடித்ததும் டப்பாவை இறுக்கி மூடினேன்.

பீரங்கி வண்டி தயாராக நின்றது.
கோபுரமில்லாத, தரையோடு பதுங்கிய வகை.
ஹேர் ஸ்ப்ரே அடித்து, மேலே வெள்ளை பூசி,
ஈரத் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து
ஒரு குளிர்காலம் முழுக்க ஓடியதாக ஆக்கியிருந்தேன்.
இரு பக்கமும் கட்டிய மரத்தடிகளுக்கு
வாசலில் ஒடிந்து கிடந்த பிர்ச் சுள்ளி.
புகைக்குழாயில் துரு.
பெட்ரோல் மூடியைச் சுற்றி ஒழுகிய கறை.
மேலே உட்கார்ந்திருந்தவனுக்கு மட்டும்
கோட்டின் கை முடிகிற இடத்தில்
ஒன்றுமில்லை.

'அப்படியே விடேன், போர்தானே' என்றான் ஓஸ்மோ.
இவன் போரில் இழக்கவில்லை,
என் கம்பளத்தில் இழந்தான்.

புட்டியை உருட்டி, ஊசியால் கீறி
கோட்டுக்கு ஒரு பாக்கெட் செய்து
அதற்குள் அவன் கையை முடித்துவைத்தேன்.
அவ்வளவுதான் செய்தது.
முகத்தைத் தொடவேயில்லை.
ஆனாலும் முகம் மாறிவிட்டது:
எதையோ வைத்திருப்பவன்,
காட்டப்போவதில்லை என்று இருப்பவன்.

லாஹ்தியில், பள்ளி ஜிம்மில் போட்டி.
நடுவர் பூஸ்தினென் மூச்சிரைக்கக் குனிந்து
வண்டியின் அடிவயிற்றில் டார்ச் அடித்தார்.
கண்ணிகளை எண்ணினார்.
சுள்ளியின் பட்டை ரொம்பத் தடிமன்,
இந்த அளவில் அது மரமல்ல, முதலை என்றார்.
சரிதான். குறித்துக்கொண்டேன்.
போனவர் நாலு மேஜை தாண்டித் திரும்பி வந்து
'அவன் பாக்கெட்டில் என்ன?' என்றார்.
தெரியாது என்றேன்.
சிறப்புக் குறிப்பு என்று ஒரு பச்சை ரிப்பன் கிடைத்தது,
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.

ஏப்ரலில்,
வாசல் பனி சேறான பிறகு,
ஓஸ்மோ கம்பளிக் காலுறையைக் கழற்றி உதறி
'ஏதோ கல் குத்துது' என்றான்.
கல்லுக்கு விரல் இருக்காது.

பாக்கெட்டை உடைத்தால் ஆளே உடைவான்.
பழைய மாத்திரைப் பெட்டியின்
வியாழக்கிழமை அறையில் போட்டுவைத்தேன்,
மூடி இறுக்கமாக இருப்பது அது ஒன்றுதான்.

நேற்று ஷிப்டுக்குப் போகுமுன்
எடுத்து லென்ஸுக்குக் கீழே திருப்பினேன்.
நகங்கள் இல்லை.
உள்ளங்கையில் மட்டும் ஒரே ஒரு ரேகை,
யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும்
யாரோ கீறியது.
விரல்கள் பாதி மடங்கி
எதற்கோ இடம் விட்டிருந்தன.
கயிற்றுக்கா, கோப்பைக்கா, இன்னொருவன் தோளுக்கா,
விளக்கத்தாளை எப்போதோ அடுப்பில் போட்டாகிவிட்டது.

தட்டில் கிடந்த ரொட்டித் துகள் ஒன்றைச்
சாமணத்தால் எடுத்து வைத்துப் பார்த்தேன்.
பிடித்துக்கொண்டது.