போகிறோம்

பன்னிரண்டு வகுத்தல் மூன்று,
அதை ஒட்டினாற்போல் அடைப்புக்குறிக்குள்
ஒன்று கூட்டல் ஒன்று.
எட்டு என்று அச்சாகியிருக்கிறது, பக்கம் தொண்ணூற்றேழு.
என் மகள் இரண்டு என்று போட்டாள், ஒரு மார்க் போயிற்று
என்கிறார் போனில்
பசவேஸ்வர நகரிலிருந்து ஓர் அப்பா.

மல்லேஸ்வரம் பதினோராவது கிராஸ், இரண்டாம் மாடி.
விடைகளுக்கு விடை பார்ப்பது என் வேலை.
மேசைமேல் இரண்டு கால்குலேட்டர்.
என்னுடையது எட்டு என்கிறது.
பிரபாகர் சாருடையது, பழசு, இரண்டு என்கிறது.
இரண்டிலும் பழுதில்லை.
ஒன்று இடமிருந்து வலமாக நடக்கிறது.
மற்றது
ஒட்டி நிற்பவற்றைப் பிரிக்க மனமில்லாதது.
கேள்வி எழுதியவர்தான்
ஒரு ஜோடி அடைப்புக்குறியை மிச்சம் பிடித்துவிட்டார்.

இரண்டும் சரிதான் சார் என்றேன்.
அப்படியென்றால் மார்க், என்றார்.

நடுவில் குறி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை
இப்படித்தான் ஆளை ஏய்க்கும்.
இருநூறில் இரண்டு நூறைப் பெருக்குகிறது.
நூற்றிரண்டில் பேசாமல் போய்க் கூடிக்கொள்கிறது.
நாலைந்து என்றால் இருபதும் இல்லை ஒன்பதும் இல்லை,
நாலோ ஐந்தோ.
கடன் வாங்கியவன் சொன்னால் நாற்பது.
சைனின் தோளில் இரண்டு உட்கார்ந்தால் வர்க்கம்.
அதே தோளில் கழித்தல் ஒன்று உட்கார்ந்தால்
வந்த வழியே திரும்பிப் போ.

மெட்ரோ பலகை ஹலசூரு என்கிற
எங்கள் அல்சூர் வீட்டுக் கதவிலும்
பெயர்கள் அப்படித்தான் இருக்கின்றன:
ஸ்பூர்த்தி அஞ்சுகம்.
கமா வைக்க இடமில்லை, சின்னப் பலகை.
கூரியர்காரர் ஒரே பெண் என்று நினைத்து
ஸ்பூர்த்தி அஞ்சுகம் மேடம் என்று கூப்பிடுவார்.
நாலு வருஷமாக
யார் கதவைத் திறந்தாலும் ஆமாம் என்கிறோம்.

மூன்றேகாலுக்கு அவளிடமிருந்து செய்தி.
ஜூனில் ஹெப்பாளத்துக்குப் போகிறோம்,
பெரிய பால்கனி,
நிரஞ்சன் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டான்.

கன்னடத்தில் எழுதியிருந்தாள்.
அவள் மொழியில் நாவு ஒன்றுதான்,
கேட்பவரைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும்.
தமிழாக இருந்தால் தப்ப முடியாது,
நாம் என்றோ நாங்கள் என்றோ
எதையாவது ஒன்றைத் தொட்டே ஆகவேண்டும்
என்று நினைத்தபடி மனசுக்குள் மாற்றிப் பார்த்தேன்:
போகிறோம்.

அட.
நம்மிடமும் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது.
எழுவாயே வேண்டாம், வினைமுற்று போதும்.
கடைசியில் வருகிற அந்த ஓம்
என்னை உள்ளே வைத்தும் மூடும்,
வெளியே நிறுத்தியும் மூடும்.

வாடகை நாற்பத்திரண்டாயிரமாம்.
வகுத்துப் பார்த்தேன்.
மூன்றாலும் மீதியில்லாமல் போகிறது.
இரண்டாலும் போகிறது.

நானுமா என்று கேட்டுவிடலாம்.
கேள்விக்குறி கூட வேண்டாம், ஓர் ஆ போதும்.
விரல் அந்த எழுத்து வரைக்கும் போனது.
அதற்குள் பிரபாகர் சார் எட்டிப் பார்த்து
அந்தப் பெண்ணுக்கு அரை மார்க் கொடுத்துவிடலாமா என்றார்.
முழுசாகவே கொடுங்கள் சார் என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
பிழைத்திருத்தத்தில் சேர்த்தேன்:
பக்கம் 97, எட்டு என்றிருப்பதை
எட்டு அல்லது இரண்டு என்று படிக்கவும்.

பிறகு அவளுக்கு எழுதினேன்:
சரி.

நாளெல்லாம் விடைகளுக்குப் பக்கத்தில் நான் போடுவது அது.
சம்மதத்துக்கும் அதுதான்,
சரிவதற்கும் வேர் அதுதான்.
எதை அனுப்பினேன் என்று
அனுப்பியவளுக்கே தெளிவில்லை.
அவள் பார்த்துவிட்டாள்.
இரண்டு நீலக் கோடுகள்,
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு,
நடுவில் எந்தக் குறியும் இல்லாமல்.

சாயங்காலம் கிளம்புவதற்கு முன்
ஹெப்பாளத்திலிருந்து மல்லேஸ்வரத்துக்கு
எந்த பஸ் என்று
ஒருமுறை பார்த்துவைத்தேன்.
சும்மாதான்.