சுவருக்கு அந்தப் பக்கம்

புந்தா அரேனாஸ் நகரில் காற்றுக்கு விடுமுறை இல்லை.
ஜூலையில் நாலரைக்கே இருட்டிவிடும்.
இரண்டும் பழகிவிட்டன.
பழகாதது
என் கரும்பலகைக்குப் பின்னால் இருந்த இசை வகுப்பு.

மூன்று முறை எழுதிக் கொடுத்தேன்:
பின்னங்கள் நடத்தும்போது பின்னாலேயே
முப்பத்துநாலு பிளாஸ்டிக் குழல்,
ஒன்றுகூட இன்னொன்றோடு சேராமல்.

பிறகொரு திங்கள்
ரோசால்பா ஒயார்சோவுக்குக் காய்ச்சல்.
"பக்கத்து அறைதானே" என்று
என்னையே அனுப்பினார்கள்.

எனக்கு எண்ணத் தெரியும்.
ஒன்று, இரண்டு, மூன்று என்றேன்.
நாலில் ஆறு பேர் வந்தார்கள்,
ஏழில் மற்றவர்கள்.
ஒருத்தி குழலால்
முன்னால் இருந்தவன் காதைக் குடைந்தாள்.
சுருதி சேர்ப்பதாக நினைத்து நான் முறுக்கிய கித்தார்க் கம்பி
அறுந்து கன்னத்தைக் கீறியது.

பஞ்சு தேடி அலமாரியைத் திறந்தேன்.
அறுந்த கம்பிக்குப் பதில் கட்ட மீன்பிடி நரம்பு,
மெழுகுத் துண்டு, ஊக்குகள், குட்டித் திருப்புளி,
எச்சில் குழல்கள் கழுவ அரை பாட்டில் வினிகர்.
பஞ்சு இல்லை.
அடியில் ஒரு நோட்டு.

*டான்கோ மரூசிச்: குரல் உடைகிறது.
தனியே பாடச் சொல்லாதே. பெரிய டிரம் கொடு.*

*ஐலின்: வலது காது மந்தம்.
ஜன்னலோரம் வேண்டாம், காற்று தின்றுவிடும்.*

*பாஸ்தியான்: வாயை மட்டும் அசைக்கிறான்.
தெரியாததுபோல் இரு. செப்டம்பர் வரை.*

பக்கம் திருப்பினால் நான்.
பெயர் இல்லை, ஆனாலும் நான்தான்:

*வியாழன், மூன்றாவது பீரியட்:
சுவருக்கு அந்தப் பக்கம் கணக்குத் தேர்வு.
குழல் எடுக்காதே.
தாளம் விரல் நுனியில் மட்டும்.*

தேதி, மார்ச்.
என் முதல் புகாருக்கு ஒரு மாதம் முன்பு.
அந்த வியாழக்கிழமை அமைதியை எல்லாம்
என் கண்டிப்பின் கணக்கில்
வரவு வைத்திருந்தேன்.

புதனன்று மூக்கு சிவக்க வந்து நின்றாள்.
"எப்படிப் போச்சு?"
கன்னத்தைக் காட்டினேன்.
"முறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கணும்" என்றாள்,
"அதையும் யாரும் சொல்லித் தரமாட்டார்கள்."

நாலாவது புகார் பாதியோடு மேசையில் கிடக்கிறது.
மன்னிப்பை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை,
எண்களில் வராது அது.

இன்று ஐந்தில் இரண்டைக் கூட்டும்போது
சுவர் வழியே ஒரு சுரம் பிசகியது.
சாக்பீஸ் நின்றது.
மறுபடியும் அதே இடம், அதே பிசகு.
மூன்றாம் தடவை
டம் என்று ஒரு அடி,
எங்கே விழவேண்டுமோ அங்கே.

"டான்கோ" என்றது கடைசி பெஞ்சு.
தெரியும் என்றேன்.
எங்கே விட்டோம் என்பதுதான் மறந்துவிட்டது.