பதினொன்றும் பெட்டைதான்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
சரக்கு வண்டிக்கு இன்ஜின் மாற்றிக்கொண்டிருந்த
இருபது நிமிஷத்தில் வாங்கினேன்.
மொபெட்காரர் கூடையைத் திறந்து
பதினொன்றும் பெட்டைதான் சிஸ்டர் என்றார்.
அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம்.
நான் குஞ்சுகளைப் பார்த்தேன்.

துணை சுகாதார நிலையத்துக்குப் பின்னால்
சிரிஞ்சு வந்த அட்டைப்பெட்டிக்குள்
குண்டு பல்பின் கீழ் அவை
யார் யாரென்று தெரியாத குவியலாய்த் தூங்கின.

மோட்டார் காயில் கட்டும் வைரக்கண்ணு
காலைப் பிடித்துத் தலைகீழாய்த் தொங்கவிட்டார்.
தலையைத் தூக்கினால் பெட்டை,
தொங்கப்போட்டால் சேவல்.
அதே குஞ்சை மறுநாளும் தூக்கினார்.
அது மனதை மாற்றிக்கொண்டிருந்தது.
சூசைமேரி டீச்சருக்கு இறக்கைதான் கணக்கு,
சீக்கிரம் முளைத்தால் பெட்டை.
அவர் மகன் போனில் வீடியோவை ஓடவிட்டு
வாலுக்கடியில் ஏதோ தேடினான்,
பிறகு கைகழுவப் போனவன் வரவேயில்லை.

எட்டு வாரத்தில் கிராப்புக் கழுத்துக்குக்
கொண்டை சிவந்தது. அது ஒன்று போச்சு.
பிறகு கருப்பு.
பிறகு ரொம்ப நம்பியிருந்த சாம்பல் புள்ளி.
அய்யோ, இதுவும் சேவலா என்று
ஒவ்வொரு முறையும் தெரு உச்சுக்கொட்டியது.
பெட்டையாய் இருக்கட்டும் என்று
ஒரு தெருவே வாய்விட்டு வேண்டிக்கொண்டதை
இருபத்திரண்டு வருஷ சர்வீஸில்
அப்போதுதான் கேட்டேன்.

பவதாரணிக்கு ஏழாம் மாதம்.
இரண்டு பெண்களையும் இரண்டு கையில் பிடித்து வந்தாள்.
நான் பிரஷர் பார்ப்பதற்குள்
மாமியார் செங்கமலம் பின்பக்கம் போய்விட்டார்.
செவலையைத் தூக்கி, முதுகின் கடைசி இறகை
விரலால் நீவி, நுனி வட்டமா இருக்கு,
பெட்டை சிஸ்டர், சத்தியமா பெட்டை என்று சிரித்தார்.
தவிடு ஒட்டிய அந்தக் கையை
மருமகள் வயிற்றில் வைத்து
இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே என்றார்.

சுவரில் போர்டு இருக்கிறது.
கண்ணாடி கொண்டுவரல என்றார்.
சிறை, அபராதம் வரை படித்துக் காட்டினேன்.
பவதாரணி குனிந்து
கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
பத்துதான் இருக்கு என்றாள்.
ஒன்று அவள் மாமியார் கக்கத்தில் இருந்தது.

ஐப்பசி அடைமழை.
கோரையாறு கரையை நக்கிக்கொண்டு போனது.
நாலரைக்குப் போன் வந்து
ரெயின்கோட்டைத் தேடிக்கொண்டிருக்கையில்
துருப்பிடித்த அடிபம்பை யாரோ அடிப்பது மாதிரி
கூண்டுக்குள் ஒரு சத்தம்.
நின்றது. மறுபடி அடித்தது.
டார்ச் வெளிச்சத்தில் அந்தச் செவலை
கழுத்தை நீட்டியபடி
தன் குரலுக்குத் தானே திடுக்கிட்டு நின்றது.
பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியாதாம்.
இது பெட்டையும் இல்லை,
பொழுதும் விடியவில்லை.

கேட் மூடியிருந்தது.
ஆம்புலன்ஸ் விளக்கு மழையில் வீணாய்ச் சுற்றியது.
நெல் மூட்டை ஏற்றும் காலி வேகன்கள்
ஒவ்வொன்றாய், ஒவ்வொன்றாய்.
பவதாரணி என் மணிக்கட்டை
வளையலோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.
கடைசி வேகன் வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது.

முன்சீட்டிலிருந்து செங்கமலம்
நடுக்கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கேட்டார்.
இரண்டு கிலோ எண்ணூறு.
உடனே அழுதது. நல்ல நிறம்.
உதடு நீலமில்லை.
அது இல்ல சிஸ்டர் என்றார்.
ரயில் சத்தம், கேட்கவில்லை என்றேன்.
ரயில் போய்விட்டிருந்தது.

மதியம் திரும்பினேன்.
பதினொன்றில் நான்கு இன்னும் கூவவில்லை,
முட்டையும் வைக்கவில்லை.
வைரக்கண்ணு ஒன்றின் காலைப் பிடித்துத்
தொங்கவிடத் தயாராய் நின்றார்.
இறக்கிவிடச் சொன்னேன்.
தவிடு வைத்துவிட்டுத்
தூங்கப் போனேன்.