பனிநாடு

தங்கச்சிமடம், ஐஸ் கம்பெனி மாடி.
மூன்று லேப்டாப், ஒரு மின்விசிறி.
எந்த உலகம் என்று இன்றைக்குள் முடிவாகணும்.

பாலைவனம் என்றாள் பஜ்ரியா.
கடலடி நகரம் என்றேன்;
ஏன், வெளியே இருக்கிற உப்புத் தண்ணி போதாதா என்றாள்.
பனிமலை, கோட்டை, டிராகன் என்றான் கிளாட்வின்.
பனியைப் பார்த்திருக்கிறாயா நீ?
கீழே கிரஷர் ஓடியது.
ஐம்பது கிலோ பாளம் நொறுங்கிச் சரிகிற சத்தத்தில்
அவன் பதில் கேட்கவில்லை.

சரி, பனிநாடு.
ஆனால் எங்கள் பனியில் மீன் கவுச்சி அடிக்கும்.
வீரன் வழுக்கி விழுந்தால்
காலடியில் சங்காயம் சிதறும்.
டிராகனுக்குத் திருக்கை வால்.
நான்கு திசைக்கும் நான்கு பேய்கள்:
வாடை, கொண்டல், சோழகம், கச்சான்.

வரைபடம் முடிகிற இடத்தில்
கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று வேணும்,
மோதினால் ஆள் திரும்பிவிடுவான் என்றேன்.
பஜ்ரியா ஜன்னலைப் பார்த்தாள்.
கிளாட்வினின் அண்ணன்
விசைப்படகோடு பிடிபட்டுப் பதினோரு மாதம்.

சுவரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று
பனி விழுகிற வேகத்தை மட்டும்
கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தோம்,
கரண்டு போய்
கீழே கிரஷரும் நிற்கும்வரை.