அதே பிழை

தங்கச்சிமடத்தில் இரவு பதினொன்றரை.
கச்சான் காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.
திரையில் ஓர் ஆட்டுத்தோல்.
எழுநூறு வருஷம் கழிந்தும்
மயிர்க்கால்கள் தெரிகின்றன.

மயிர்ப்பக்கம் மஞ்சள், சதைப்பக்கம் வெளுப்பு என்று
லியோனிலிருந்து மேடம் விளக்கியபோது
சிரித்துவிட்டேன்.
என் மாமாவுக்குக் கறிக்கடை, மேடம்.
அவர் என்னை சாலெத் என்று நீட்டுவார்.
அவர் நாட்டு மலையின் பெயர்;
மாதாவோடு கப்பலேறி வந்து
எங்கள் தெருவில் நாலு பேருக்கு இருக்கிறது.

எந்திரம் படித்துத் தள்ளும் வரிகளை
மறுபடி கண்ணால் படிப்பது என் வேலை.
நூற்றுக்கு நாலு எழுத்து தப்பு என்று
தன்னைப் பற்றித் தானே சொல்கிறது, கூச்சமில்லாமல்.
எழுத்தின் தலையில் கோடு கிடந்தால்
கீழே ஒரு மெய்யை விழுங்கியிருக்கிறார்கள் என்று
அதற்கு இப்போது தெரியும்.
பூச்சி தின்ற ஓட்டையை மட்டும்
இன்னும் ஓர் எழுத்தாகவே வாசிக்கிறது.
தூக்கம் வந்தால் நானும்தான்.

நேற்று, கப்பல் உடையும் இடம்.
மேல்வரி 'கடல்' என்று முடிகிறது.
மூன்று வரி தள்ளி இன்னொரு 'கடல்'.
எழுதியவன் கண்
முதல் கடலிலிருந்து அடுத்த கடலுக்குத் தாவிவிட்டது.
நடுவில் இருந்த பதினொரு துடுப்புக்காரர்கள் போனார்கள்.
அலையால் அல்ல.

இல்லாத வரிகளை எந்திரம்
ஒரு பிழையும் இல்லாமல் படித்திருந்தது.

பாரிஸ் பிரதியில் அவர்கள் இருக்கிறார்கள்.
டிஜோன் பிரதியில் இல்லை, இதே இடத்தில்.
உடனே நிரல் ஒரு மரம் வரைந்து
இரண்டையும் ஒரே கிளையில் தொங்கவிட்டது.
சரியாக எழுதியதை வைத்து உறவு சொல்ல முடியாதாம்.
சேர்ந்து தவறினால்தான்
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

அப்பாவின் மீன்கணக்கு நோட்டில்
நண்டுக்கு எப்போதும் ரெண்டு சுழிதான்.
குவைத்திலிருந்து தம்பி போன வாரம்
வாட்ஸ்அப்பில் கேட்கிறான்:
'நன்டு கிலோ என்ன போகுது?'

எனக்கு மூன்று சுழி.
ஆறாம் வகுப்பில் பிரம்பால் வந்தது.
திருத்திய பிரதியை
எந்தக் கிளையில் மாட்டுவது என்று
நிரலுக்கும் தெரியாது, மேடத்துக்கும்.
கேள்விக்குறி போட்டு
ஓரமாக வைப்பார்கள்.

கரண்ட் போய் வந்தது.
வரி 4,316-க்குப் பக்கத்தில் அடிக்கிறேன்:
இங்கே பதினொரு பேர்.